குறைபரவல் பகுதிகளில் மலேரியா வரைபடம்: வெவ்வேறு பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்க்கும் முறை

ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே மலேரியா வரும் நிலை உருவான பிறகு, அதை வரைபடத்தில் குறிப்பது எளிய வேலை என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் அது கடினமாகிறது. பரவல் மிகுந்த மலைக் கிராமங்களில் எந்தச் சோதனையைப் பயன்படுத்தினாலும் நோய் எங்கே அதிகம், எங்கே குறைவு என்பது ஓரளவு புலப்பட்டுவிடும். நோய் அருகிப்போன இடத்திலோ, ஒரு கிராமத்தின் மேல் சிவப்புப் புள்ளி விழுவதும் விழாததும் அங்கே எந்தச் சோதனை, எத்தனை பேருக்கு, எந்த மாதத்தில் செய்யப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. இதை மறந்துவிட்டு வரையப்படும் வரைபடம் நோயைக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு சோதனை நடந்த இடங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்பில் ஈடுபடும் சுகாதார ஆய்வாளர்கள், பூச்சியியல் அலுவலர்கள், பொதுச் சுகாதார மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இலங்கையின் அனுபவம் ஒன்றே போதும். 1963இல் அந்நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. அதன்பின் மருந்துத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960களின் இறுதியில் வெடித்த பெருந்தொற்றில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் கண்டறியப்பட்டு, 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைப்பதற்கு அந்நாடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதும் பார்வையை விலக்கிக்கொண்டதற்குக் கொடுத்த விலை அது.

எந்த முடிவுக்காக வரைபடம்?

மென்பொருளைத் திறப்பதற்கு முன், இந்த வரைபடத்தைப் பார்த்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் எந்தக் கிராமங்களில் மருந்து தெளிப்பது என்பது ஒரு கேள்வி. பரவல் நின்றுவிட்டது என்று சான்று கோருவதற்கு இன்னும் எங்கே சோதிக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு இப்போதைய தொற்றைக் காட்டும் சோதனைகள் தேவை. இரண்டாவதற்கு, கடந்த சில ஆண்டுகளில் தொற்று நடந்ததா என்று சொல்லும் ஆன்டிபாடி சோதனையும் தேவைப்படலாம். ஒரே வரைபடம் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும் என்று எதிர்பார்ப்பதே பல குழப்பங்களுக்குத் தொடக்கமாகிறது.

ஒவ்வொரு சோதனையும் எதைக் காண்கிறது?

இந்த வேலையின் மையம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம். கைவசம் உள்ள சோதனைகளை அவை காணும் ஆழம் (இரத்தத்தில் எவ்வளவு குறைவான மலேரியா ஒட்டுண்ணிகளைக் காணும் என்பது), அவை காணும் காலம் (இன்றைய தொற்றா, முந்தையதா என்பது) என்ற இரண்டு அளவுகோல்களால் பிரித்துக்கொள்வது நல்லது.

கிம்சா அல்லது ஜே.எஸ்.பி. சாயமேற்றிய இரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை; இன்றும் அடிப்படை முறை. தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவர் நல்ல தடித்த தடவலில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு 5 முதல் 10 ஒட்டுண்ணிகள் இருந்தால்கூடக் கண்டுவிடுவார். நாளொன்றுக்கு எண்ணற்ற ஸ்லைடுகளைப் பார்க்கும் சாதாரணக் களச் சூழலில் அந்த எல்லை 50 முதல் 100 வரை ஏறிவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரு பாசிட்டிவ் ஸ்லைடைக்கூடப் பார்க்காதவருக்குக் கண் பழக்கம் விட்டுப்போவது இயல்பு. ஆகவே நோய் குறையக் குறைய நுண்ணோக்கிச் சோதனையின் திறனும் குறைகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இது அந்த ஊழியர்களின் குற்றமல்ல.

விரைவுப் பரிசோதனை கிட் ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை. ஒட்டுண்ணி வெளியிடும் புரதத்தைப் பார்க்கிறது. அதன் எல்லை பொதுவாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 100 முதல் 200 ஒட்டுண்ணிகள். மலேரியா ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்பவை இரு முக்கிய வகைகள். ஃபால்சிபாரம் வகைக்கான எச்.ஆர்.பி.2 புரதம், சிகிச்சை முடிந்து ஒட்டுண்ணி அழிந்த பிறகும் இரத்தத்தில் சில வாரங்கள் தங்கியிருக்கும். எனவே அந்தக் கோட்டில் தெரியும் பாசிட்டிவ், 'இன்று தொற்று உள்ளது' என்பதோடு 'சென்ற மாதம் தொற்று இருந்தது' என்றும் பொருள்படலாம். சிகிச்சைக்கு இது தொல்லை. வரைபடத்துக்கோ, ஒரே நாளில் எடுத்த மாதிரியிலிருந்து சில வாரப் பரவலை அறியும் வாய்ப்பு. கிட்கள் பார்க்கும் மற்றொரு புரதமான எல்.டி.எச். அவ்வாறு நீண்ட நாள் தங்குவதில்லை. இந்தியாவில் பரவலாக வழங்கப்படும் கிட்டில் ஃபால்சிபாரத்துக்கு ஒன்றும் வைவாக்ஸுக்கு மற்றொன்றுமாக இவ்விரு புரதங்களும் இருப்பதால், ஒரே அட்டையின் இரண்டு கோடுகளும் இரு வேறு கால அளவுகளைச் சொல்கின்றன.

எச்.ஆர்.பி.2 குறித்து இன்னொன்றும் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்துவிட்ட ஒட்டுண்ணிகள் 2010இல் பெரு நாட்டின் அமேசான் பகுதியிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்டன. பின்னர் ஆப்பிரிக்க நாடுகளான எரித்திரியாவிலும் ஜிபூட்டியிலும் அவை மிகுதியாக இருப்பது தெரியவந்தது. நோயாளி காய்ச்சலில் கிடக்க, கிட் நெகட்டிவ் காட்டும். இவ்வகை இழப்பால் தவறும் நோயாளிகளின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் கிட்டை மாற்ற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிட்டை மட்டும் நம்பி வரைந்த வரைபடத்தில் இத்தகைய ஒட்டுண்ணிகள் பரவும் ஊர் நோயற்ற ஊராகத் தெரியும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பி.சி.ஆர். ஒட்டுண்ணியின் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்ப்பதால், ஒரு மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 5 ஒட்டுண்ணிகள் வரை காண வல்லது. பல நாடுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டபோது, பி.சி.ஆர். காணும் ஃபால்சிபாரம் தொற்றுகளில் சராசரியாக ஏறத்தாழப் பாதியை மட்டுமே நுண்ணோக்கி கண்டது. பரவல் குறைந்த இடங்களில் அந்தப் பங்கு மேலும் சுருங்கியது. ஆயினும் பி.சி.ஆர். என்றால் எல்லாம் அகப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. வடிதாளில் உலர்த்திய இரத்தப் பொட்டிலிருந்து வெட்டியெடுக்கும் 3 மில்லிமீட்டர் வட்டத்தில் உள்ள இரத்தம் சுமார் 3 மைக்ரோலிட்டர்தான். ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.2 ஒட்டுண்ணி இருக்கும் ஒருவரின் மாதிரியில், அந்தச் சிறு வட்டத்துக்குள் ஓர் ஒட்டுண்ணிகூட இல்லாமல் போவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அதற்குப் பின் எவ்வளவு நுட்பமான கருவியாலும் இல்லாததைக் காண முடியாது. ஆகவே முடிவுப் பதிவேட்டில் 'பி.சி.ஆர்.' என்று மட்டும் எழுதாமல், எவ்வளவு இரத்தத்திலிருந்து என்பதையும் எழுதுங்கள்.

ஆன்டிபாடி சோதனை வேறு வகையானது. இப்போதுள்ள தொற்றை அது சொல்வதில்லை, முன்பு நேர்ந்ததைச் சொல்கிறது. சில ஆன்டிபாடிகள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதால், வயதுவாரியாக எத்தனை பேருக்கு அவை உள்ளன என்று பார்த்தால் பரவல் எந்தக் காலத்தில் தளர்ந்தது என்பதைக் கணிக்கலாம். பெரியவர்களிடம் மிகுந்தும் பத்து வயதுக்குட்பட்டவர்களிடம் ஏறக்குறைய இல்லாமலும் இருந்தால், அந்தக் குழந்தைகள் பிறந்த காலத்தையொட்டிப் பரவல் அடங்கியிருக்க வேண்டும். வைவாக்ஸைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். ஏனெனில், கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் வைவாக்ஸ் வடிவத்தை நேரடியாகக் காட்டும் சோதனை எதுவும் இப்போது நடைமுறையில் இல்லை. கடந்த ஒன்பது மாதங்களுக்குள் தொற்றுக்கு ஆளானவர்களை ஆன்டிபாடித் தொகுப்பின் மூலம் இனங்காணும் முறை ஒன்றுதான் மறைமுகமாக உதவுகிறது.

ஒரே குத்தலில் மூன்று மாதிரிகள்

விரலில் ஒருமுறை குத்தும்போதே கிட்டுக்கு ஒரு சொட்டு, தடித்த தடவலும் மெல்லிய தடவலும் கொண்ட ஒரு ஸ்லைடு, வடிதாளில் இரண்டு அல்லது மூன்று பொட்டுகள் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். மூன்றுக்கும் ஒரே எண், பெயர் எழுதாதீர்கள். வடிதாளை நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் தனித்தனி உறையில் மூட வேண்டும். கடலோர ஈரப்பதத்தில் அரைகுறையாக உலர்ந்த தாளை மூடிவைத்தால் மரபுப்பொருள் சிதைந்து, பி.சி.ஆர். நெகட்டிவ் என்று பொய் சொல்லும். கிட்டை அதன் உறையில் குறித்துள்ள நிமிடக் கணக்குப்படியே படிக்க வேண்டும். மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த மங்கலான கோட்டைப் பாசிட்டிவ் என்று பதியக் கூடாது.

எல்லோருக்கும் பி.சி.ஆர். செய்யப் பணம் இருக்காது. அப்போது பலர் கிட் பாசிட்டிவ் ஆனவர்களை மட்டும் பி.சி.ஆருக்கு அனுப்புகிறார்கள். இது பெருந்தவறு. இதனால் கிட்டின் பாசிட்டிவ்களில் எத்தனை உண்மை என்பது தெரியுமே அன்றி, அது எத்தனை பேரைத் தவறவிட்டது என்பது ஒருபோதும் தெரியாது. பாசிட்டிவ் எல்லோரையும், நெகட்டிவ் ஆனவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பங்கினரையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தப் பங்கு என்பதையும் பதிந்துவையுங்கள், அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று பின்னர் கணக்கில் எடையிட அது தேவைப்படும். மாதிரிகளைப் பத்துப் பத்தாகக் கலந்து சோதிப்பது செலவைப் பெரிதும் குறைக்கும். தொற்று 0.5 சதவீதம் உள்ள இடத்தில் 2,000 மாதிரிகளை 200 கலவைகளாக்கினால், ஏறத்தாழப் பத்துக் கலவைகளே பாசிட்டிவ் ஆகும். அவற்றில் அடங்கிய 100 மாதிரிகளை மட்டும் பிரித்துச் சோதித்தால் 2,000 சோதனைகளுக்குப் பதில் சுமார் 300 போதும். கலக்கும்போது ஒட்டுண்ணியும் நீர்த்துப்போகும் என்பதால் திறன் சற்றுக் குறையும். அந்த இழப்பையும் பின்னர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பூஜ்யத்தின் பொருள்

குறைபரவல் பகுதியின் தரவில் பெரும்பாலான கட்டங்களில் நிற்பது பூஜ்யம். அந்தப் பூஜ்யங்கள் ஒன்றுக்கொன்று சமமல்ல. ஒரு கிராமத்தில் உண்மையான தொற்று 0.5 சதவீதம் என்று கொள்வோம். அங்கே 200 பேரைத் தேர்ந்து தவறே செய்யாத ஒரு சோதனையால் பார்த்தாலும், ஒருவர்கூட அகப்படாமல் போகும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். 300 பேரைச் சோதித்து எவருக்கும் இல்லை என்றால், உண்மை அளவு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்குமேல் சொல்ல முடியாது. பாதித் தொற்றுகளைத் தவறவிடும் சோதனை என்றால் அந்த எல்லையும் 2 சதவீதமாகிவிடும்.

வழக்கமான கண்காணிப்புத் தரவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆயிரம் மக்களுக்கு ஆண்டுக்கு எத்தனை நோயாளிகள் என்ற குறியீட்டையே பல மாவட்ட வரைபடங்களில் வண்ணமிடுகிறார்கள். ஆனால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் தன் மக்கள்தொகையில் ஆண்டுக்கு 12 சதவீதத்தினரிடம் தடவல் எடுக்க, பக்கத்து நிலையம் 2 சதவீதத்தினரிடம் மட்டும் எடுத்திருந்தால், இரண்டின் குறியீடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. நோயாளிகளின் வரைபடத்தோடு சோதனை விகித வரைபடத்தையும் இணைத்தே வெளியிடுவதை ஒரு விதியாகவே கொள்ளலாம் என்பது என் கருத்து.

பொய்யான பாசிட்டிவ்கள்

தவறவிடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நோய் அருகிய இடத்தில் அதற்கு நிகரான ஆபத்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது. 10,000 பேரில் 10 பேருக்கு மட்டும் தொற்று இருக்கும் வட்டாரத்தில், தொற்றுள்ளோரில் 95 சதவீதத்தினரைக் கண்டறியும், தொற்றில்லாதோரில் 99 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் சோதனையைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அது உண்மையான 10 பேரில் 9 அல்லது 10 பேரைக் காணும். கூடவே தொற்றில்லாத சுமார் 100 பேரையும் பாசிட்டிவ் என்று சொல்லும். வரைபடத்தில் விழும் ஒவ்வொரு பதினோரு புள்ளிகளிலும் பத்து பொய். அந்தப் பொய்ப் புள்ளிகள் நோய் எங்கே என்பதைக் காட்டாமல், அதிகம் பேர் சோதிக்கப்பட்ட இடங்களையே மையங்களாகக் காட்டும்.

இதைத் திருத்த எளிய சமன்பாடு ஒன்று உண்டு. சோதனை காட்டிய விகிதத்துடன், தொற்றில்லாதோரைச் சரியாக விலக்கும் விகிதத்தைக் கூட்டி 1ஐக் கழித்து, அதை, கண்டறியும் திறன், விலக்கும் திறன் ஆகிய இரு திறன்களின் கூட்டுத்தொகையிலிருந்து 1ஐக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். காட்டிய விகிதம் 0.8 சதவீதம், விலக்கும் திறன் 99.5 சதவீதம், கண்டறியும் திறன் 90 சதவீதம் என்றால், உண்மை விகிதம் சுமார் 0.34 சதவீதம் என்று வரும். அதே சோதனை வேறொரு கிராமத்தில் 0.3 சதவீதம் காட்டினால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்படி ஒரு விகிதம் இருக்க முடியாது. ஆகவே இந்தச் சமன்பாட்டைக் கிராமம் கிராமமாகப் பயன்படுத்தாமல், இரு திறன்களையும் அவற்றின் நிச்சயமின்மையோடு புள்ளியியல் மாதிரிக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் சரியான வழி.

முடிவுகளை இணைத்தல்

இப்போது கையில் பழைய நுண்ணோக்கித் தரவு ஒருபுறமும், பள்ளிகளில் எடுத்த கிட் தரவு இன்னொருபுறமும், சில கிராமங்களின் பி.சி.ஆர். தரவு வேறொருபுறமும் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது வேண்டாம். அடிப்படையில் ஒரு தொற்றுப் பரப்பு (ஒவ்வோர் இடத்திலும் உண்மையில் எவ்வளவு தொற்று என்பது) உள்ளது என்று கொண்டு, ஒவ்வொரு சோதனையும் அந்தப் பரப்பைத் தன் திறனுக்கேற்பக் காட்டுகிறது என்று புள்ளியியல் மாதிரி அமைக்க வேண்டும். நடைமுறையில், பி.சி.ஆர். விகிதத்தின் லாஜிட் மதிப்பை (விகிதத்தை 1இலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்து எடுக்கும் மடக்கை) அடிப்படையாக வைத்து, கிட் விகிதத்தின் லாஜிட்டையும் நுண்ணோக்கி விகிதத்தின் லாஜிட்டையும் அதனோடு நேர்கோட்டுத் தொடர்பால் இணைக்கிறார்கள். பி.சி.ஆருடன் மற்றச் சோதனையும் ஒரே ஆட்களுக்குச் செய்யப்பட்ட கிராமங்கள் இந்தத் தொடர்பைக் கற்றுத்தருகின்றன. ஒரே குத்தலில் மூன்று மாதிரி எடுக்கச் சொன்னதன் பயன் இங்கே கிடைக்கிறது. கற்ற தொடர்பைக் கொண்டு, கிட் மட்டும் செய்யப்பட்ட கிராமங்களிலும் பி.சி.ஆர். என்ன காட்டியிருக்கும் என்று கணிக்கலாம். வேறொரு நாட்டில், பரவல் மிகுந்த இடத்தில் பெற்ற தொடர்பைக் கடன்வாங்காதீர்கள். பரவல் மாறும்போது அதுவும் மாறுகிறது.

அடிப்படைப் பரப்புக்கு மழையளவு, உயரம், வெப்பநிலை, நீர்நிலையிலிருந்து தூரம் போன்ற காரணிகளும், அருகருகே உள்ள ஊர்கள் ஒத்திருக்கும் என்பதைக் குறிக்கும் இடவாரித் தொடர்பும் சேர்க்கப்படுகின்றன. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இதற்கான தொகுப்புகள் உள்ளன, ஐ.என்.எல்.ஏ. என்ற தோராயக் கணிப்பு முறை கணக்கீட்டை விரைவுபடுத்துகிறது. காரணிகளை உள்ளூர்க் கொசுவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி, கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடுவது. அங்கே செயற்கைக்கோள் காட்டும் ஈரநிலப் பரப்பைவிட, மூடப்படாத தொட்டிகளின் எண்ணிக்கை அதிகப் பயனுள்ள காரணி. பாசிட்டிவ்கள் மிகச் சிலவாக இருக்கும்போது பத்துப் பதினைந்து காரணிகளைச் சேர்த்தால் புள்ளியியல் மாதிரியானது தரவை மனப்பாடம் செய்துவிடும். இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புள்ளியியல் மாதிரியைச் சரிபார்க்கும்போதும் தனித்தனிக் கிராமங்களை ஒதுக்காமல் ஒரு வட்டாரம் முழுவதையும் ஒதுக்கிவைத்துக் கணித்துப் பார்க்க வேண்டும்.

நோயாளி வாழும் இடமும் தொற்றிய இடமும்

சோதனை எவ்வளவு சரியாக இருந்தாலும் புள்ளி தவறான இடத்தில் விழலாம். மீன்பிடித் தொழிலுக்காக வேறு துறைமுகத்தில் வாரக்கணக்கில் தங்கித் திரும்பியவர், பரவல் மிகுந்த மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் ஆகியோரின் நோய் முகவரியோடு சேர்ந்து பதிவாகிறதே ஒழிய, தொற்றிய இடத்தோடு பதிவாவதில்லை. வைவாக்ஸில் சிக்கல் இன்னும் ஆழமானது: இன்றைய காய்ச்சல் பல மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் கடித்த கொசுவினால் வந்ததாக இருக்கலாம். ஆகவே பயண வரலாற்றையும் முந்தைய சிகிச்சையையும் கேட்டு, உள்ளூர்த் தொற்று, வெளியிலிருந்து வந்தது, அவ்வாறு வந்தவரிடமிருந்து உள்ளூரில் முதலாவதாகப் பரவியது, பழைய தொற்று மீளெழுந்தது என்று ஒவ்வொரு நோயாளியையும் வகைப்படுத்தி, வகைக்கொரு குறியீட்டால் காட்ட வேண்டும். சீனாவில் ஒரு நாளுக்குள் அறிவிப்பு, மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் நடவடிக்கை என்று வகுத்துச் செயல்பட்டதன் வலிமை இந்த விசாரணையில்தான் இருந்தது.

வெளியிலிருந்து வந்த நோயாளியின் புள்ளியை அழித்துவிடவும் கூடாது. ஜிபூட்டியில் 2012இல் 27 நோயாளிகளே பதிவாயினர். அதே ஆண்டில் ஸ்டீபன்சி கொசு அங்கே கண்டறியப்பட்டது. 2020இல் எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது. அதே கொசு மன்னார் தீவிலும் பின்னர் கண்டறியப்பட்டிருக்கிறது. கொசு இருக்கும் இடத்தின் அடுக்கையும் வெளியிலிருந்து வருவோரின் அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான், இன்று நோயாளியே இல்லாத எந்த ஊரில் நாளை பரவல் தொடங்கக்கூடும் என்பது தெரியும்.

வரைந்து கொடுத்தல்

கணித்த சராசரி விகிதத்தை வண்ணமிட்டுக் கொடுப்பதைவிட, தொற்று ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வண்ணமிட்டுக் கொடுப்பது அலுவலருக்கு உதவும். அந்த அளவை அவரோடு பேசி முதலிலேயே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களில் நடவடிக்கை, 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில் வழக்கமான கண்காணிப்பு, இடைப்பட்ட இடங்களில் மேலும் சோதனை என்று அது நேரடியாக வேலைத்திட்டமாக மாறும். போதிய சோதனையே நடக்காத பகுதிக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள், பச்சை கொடுக்காதீர்கள். வீட்டளவிலான புள்ளிகளை வெளியில் காட்டக் கூடாது, கிராம அளவுக்குத் தொகுத்தே வெளியிட வேண்டும். ஆண்டில் ஒரே நோயாளி உள்ள ஊரில் ஒரு புள்ளி அந்தக் குடும்பத்தையே சுட்டிக்காட்டிவிடும்.

வரைபடத்தின் ஓரத்தில் எந்தச் சோதனை, எந்த மாதங்கள், எத்தனை பேர், எந்தத் திறன் மதிப்புகள் என்பவற்றை அச்சிடுங்கள். உலர்ந்த வடிதாள்களையும் எறிந்துவிடாமல் உறைகுளிரில் காத்துவையுங்கள். அடுத்த பருவத்தில் சாம்பல் நிறக் கிராமங்களிலிருந்து புதிய மாதிரிகள் வந்துசேரும்போது, பழையதையும் புதியதையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையால் சோதித்து, மாறியது பரவலா சோதனையா என்பதை அந்தத் தாள்களைக் கொண்டே பிரித்தறிய முடியும்.